வெண்ணெய் நுழையாத வீடு

லியெக்ஸாவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
துய்ரேயின் ரத்தம் என் முன்னால் சுழன்று
மஞ்சளும் சிவப்புமாய்ப் பிரிந்து நிற்கிறது.
முப்பதாவது வாரம்.
பிள்ளை சுமப்பவளின் ரத்தத்தில் கொழுப்பு ஏறும்,
ஏறவும் வேண்டும்,
பனி உருகும் மாதத்தில் பியெலினென் ஏரி
படித்துறையைத் தொட வருவது போல.
இவளுடையது ஏறவில்லை.

இயந்திரம் தவறியிருக்குமோ என்று
மறுபடி ஓட்டினேன்.
அதே எண்.
யாரும் பயப்படாத எண்.
கூடினால்தான் தாளில் நட்சத்திரம் விழும்,
குறைந்தால் விழாது.

அவள் அப்பா வெய்யோவை எனக்குத் தெரியும்.
மரம் ஏற்றிய லாரியின் மேல் சாய்ந்தபடியே
நாற்பத்தாறு வயதில் நின்றுபோனார்.
திறந்து பார்த்தவர்கள் மெழுகு என்றார்கள்.
அன்று மாலை அவர் மனைவி
வெண்ணெய்க் கிண்ணத்தைப் பனியில் கவிழ்த்து
பூனைகூட நக்கிவிடக் கூடாதென்று
பூட்ஸ் காலால் மிதித்து மூடினாள்.
அதன் பிறகு அந்த வீட்டில்
ரை ரொட்டிக்கு ரொட்டிதான் துணை.

துய்ரே அங்கே வளர்ந்தவள்.
முட்டையின் மஞ்சளைக் கரண்டியால் ஒதுக்கும்போதெல்லாம்
செத்துப்போன ஒருவரை
அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

கொழுப்பு.
சொல்லும்போதே திட்டுவது போலிருக்கிறது.
ஆனால் உள்ளே இருப்பவளுக்கு
அதுதான் செங்கல், அதுதான் சுண்ணாம்பு.
ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் அதில்தான்,
நரம்புக்கு மேலுறையும்.
சுவர் எழுந்த பிறகுதானே சித்திரம்.

அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.
சிறுத்த பிள்ளைக்கு நூறு காரணம்.
நான் குழாய்களோடு பேசுபவள், டாக்டர் இல்லை.

ஜனவரியில் பிறந்தாள்.
நாள் நிறைந்துதான்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து கிராம்.
அரசாங்கம் தரும் அட்டைப் பெட்டியில்
மெத்தை விரித்துக் கிடத்தினார்களாம்,
இன்னொருத்திக்கும் இடம் இருந்ததாம்.
இருப்பதிலேயே சின்னச் சட்டை,
கைக்கு மூன்று மடிப்பு.

மார்ச்சில் கடையில் பார்த்தேன்.
என்னை அவளுக்குத் தெரியாது.
அவள் ரத்தத்தின் சூட்டைக்
கையுறை வழியாக அறிந்தவள் நான்.
பால் அலமாரி முன்னால் நின்றாள்.
மார்பில் கட்டிய துணிக்குள்
ஒரு கம்பளித் தொப்பி அசைந்தது, தும்மியது.
கொழுப்பு நீக்கிய பால், நீலப் பொட்டலம், எடுத்தாள்.
வைத்தாள்.
அரைக் கிலோ வெண்ணெய்க் கட்டி ஒன்றை
உள்ளங்கையில் ஏந்தி,
மறுகையைத் தொப்பியின் கீழ் கொடுத்து,
இரண்டையும் ஒருசேரத் தூக்கிப் பார்த்தாள்.

வாங்கினாளா, தெரியாது.
என் வரிசை நகர்ந்துவிட்டது.