மரை

துவாஸ் டிரெய்லர் யார்டில்
என் பெயர் கிளெமென்ட் ஞானசீலன் என்பது
சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.
மற்றவர்களுக்கு நான் 'மரை'.
மரை கழண்டவன் என்பதன் சுருக்கம்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதாதாம் எனக்கு,
குனிந்து ஒவ்வொரு நட்டாய்த் தொட்டுப் பார்ப்பேனாம்.
வேதக்காரன் பிரகாரம் சுற்றுகிறான் பாரு
என்று சிரிப்பான் வீரபத்திரன்.
ரோஸ்லான் சிரிக்கமாட்டான்.
அவன் பார்த்திருக்கிறான்
தன் சக்கரமே தன்னை முந்திக்கொண்டு போவதை.
யாரோ ஓவர்டேக் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்
என்றான் மலாயில்.
அதற்குமேல் சொல்லவில்லை.
அவன் தே தாரிக் ஆறிப்போய் ஆடை கட்டியது.

நேற்று இடப்பக்கப் பின்அச்சில் டயர் மாற்றினோம்.
இடப்பக்கம்தான் முதலில் இளகும்.
ஏன் என்று கேட்டால்
ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.
பத்து நட்டு.
வரிசையாக முடுக்கக்கூடாது.
ஒன்றை முடுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிர்,
பிறகு குறுக்கே, பிறகு மறுபடி எதிர்.
பக்கத்தில் இருப்பதையே பார்த்துப் பார்த்து இறுக்கினால்
சக்கரம் ஒருபுறம் சாய்ந்துகொண்டு
ஒழுங்காக உட்கார்ந்ததுபோல் நடிக்கும்.
என் உறவில் சிலர் அப்படி.

துருவைச் சுரண்டித் தேய்க்கவேண்டும்.
உட்காரும் முகத்தில் பெயிண்ட் பூசக்கூடாது,
சூட்டில் நசுங்கி இடம் விட்டுவிடும்.
டார்க் ரெஞ்ச் 'டக்' என்றால் கையை எடு.
அதற்குமேல் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவது
பலமில்லை,
போல்ட்டின் கழுத்தை நெரிப்பது.

அத்தனையும் செய்தேன்.
அப்புறமும் இளகும்.
புது இடத்தில் உட்காருகிற எதுவும்
கொஞ்சம் அசைந்துதானே உட்காரும்.
எண்பது கிலோமீட்டர் ஓடியபின்
மறுபடி முடுக்கு என்கிறது கையேடு.
எந்தப் பெரிய தேசத்தில் இருந்து எழுதினார்களோ!
இந்தத் தீவை இரு முனையும் பிடித்து இழுத்தாலும்
எண்பது வராது.
துவாஸிலிருந்து சாங்கி,
சாங்கியிலிருந்து திரும்பவும் துவாஸ்,
இரண்டும் சேர்ந்தால்தான்
என் சக்கரத்துக்கு ஒரு பயணம்.

விடியல் ஐந்தரை.
நாற்பதடிப் பெட்டி, உள்ளே என்னவென்று தெரியாது,
கனம் மட்டும் தெரியும்.
மீட்டரில் எழுபத்தெட்டு.
பயனியர் ரோட்டில் ஒதுங்கும் இடம் பார்த்து நிறுத்தினேன்.
ராத்திரி பெய்த மழை சாக்கடையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

டார்ச் அடித்தேன்.
நட்டுகளின் தலையில் மஞ்சள் அம்புகள்,
இரண்டிரண்டாய் மூக்கோடு மூக்கு வைத்தவன் நான்.
ஏழாவது மட்டும்
கோபித்துக்கொண்டதுபோல் முகம் திருப்பியிருந்தது.
அதன் அடியிலிருந்து
நீரில் கரைந்த துரு, மெல்லிய கோடு,
அழுதவள் மை மாதிரி.
ரெஞ்சை மாட்டினேன்.
கால் சுற்று வரை
வா வா என்று வந்தது.

அப்போது ஒரு லாரி கடந்தது.
திறந்த பின்தட்டில் பதினெட்டுப் பேர் இருக்கலாம்,
மடியில் ஹெல்மெட்,
ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டு.
இரண்டு நிமிடம் முன்புவரை
என் பின்னால் வந்த லாரி.
ஒருவன் மட்டும் விழித்திருந்தான்.
குனிந்த என் முதுகைப் பார்த்தான்.
ஐயோ பாவம், வண்டி படுத்துவிட்டது
என்று நினைத்திருப்பான்.

டக்.

போன் அடித்தது. டிஸ்பாட்ச் கோமளா.
"எங்க லா நிக்கிற? கேட் மூடிடுவான்."
"ஓரமா."
"என்ன ஆச்சு?"
"ஒன்னும் ஆகல."
"ஒன்னும் ஆகலேன்னா எதுக்கு நிக்கிற?"

போனைப் பையில் போட்டேன்.
கையில் கிரீஸ், பையிலும் ஆனது.
எட்டாவதைப் பார்த்தேன், ஒன்பதாவதை, பத்தாவதை.
பிறகு வலப்பக்கம் போனேன்.
அங்கேயும் பத்து.
அதற்குப் பின்னால் இன்னும் பத்து.