பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று

மூளைக்குச் செய்முறை எளிது.
தண்ணீர், உப்பு,
பாதிக்குப் பாதி சர்க்கரை,
கெட்டிப்பட ஒரு சிட்டிகைப் பசைமாவு,
பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு மருந்து.
பாகுபோல் இருக்கும், பாகு அல்ல.
இருபத்திரண்டு பாகைக்கு ஆறவிட்டுத்
தலைக்குள் ஊற்றுகிறேன்.

தலை என்றால் பாதித் தலை.
நெடுக்கே அறுத்த ஓடு,
கன்னம் தரை பார்க்கக் கிடக்கிறது.
வாட்டசாட்டமான சிப்பாய்களை அளந்து
வார்த்த அச்சாம்.
என் தலை இதற்குள் கம்பளித் தொப்பியோடு நுழையும்.
மேலிருந்து இயந்திரக் கை
ஊசியை இறக்கித் துழாவும்.
கீழே, கன்னத்தில், போன்.
முதலில் ஒட்டி, அப்புறம் பதினைந்து பாகை சாய்த்து.
நாற்பது நிமிடம் நீளும் அழைப்பு.
இந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை,
அந்தப் பக்கமும்.

தவுனோ லாம்பெலா
கெமியார்வியிலிருந்து தபாலில் அனுப்பியிருந்தார்.
பொத்தான் வைத்த போன், ஐந்தாம் எண் தேய்ந்தது,
ஒற்றைக் காலுறைக்குள் சுருட்டி.
கூடவே ஒரு தாள்:
'என் மனைவி ஹெல்வி. தினமும் மாலை
கிருனாவில் இருக்கும் அக்காளோடு பேசுவாள்.
வலது காதில். கட்டியும் வலது பக்கம்.
இதுதானா?'
கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு பொட்டு மை.
பேனா அங்கே நின்றிருக்கிறது.

நாம் கம்பெனிகளுக்கு அளப்பவர்கள், என்றாள் விர்பி.
தனி ஆளுக்கு என்ன கூலி என்று
விலைப்பட்டியலிலேயே கிடையாது.
வெள்ளி மாலை
எல்லோரும் சவுனாவுக்குப் போனபின்
பேட்டரியைக் கழற்றினேன்.
அடியில் அவள் சிம்.
விழுந்த பால்பல்லைப்போல
காப்பித் தட்டில் பத்திரமாக வைத்தேன்.

எங்களிடம் ஒரு பொய்க் கோபுரம் உண்டு,
ரொட்டி அடுப்பு அளவு.
அது போனிடம் சொல்லும்:
நான் தூரத்தில் இருக்கிறேன், கத்து.
போன் நம்பிவிடும்.
பக்கத்துக் கோபுரத்திடம் கிசுகிசுப்பது,
மரங்களுக்கு அப்பால், பனிக்கு அப்பால் என்றால்
இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தும்.
ஏரிக்கரை வீட்டில் ஒரே ஒரு கோடு சிக்னல்,
அதுவும் சமையலறை ஜன்னலோரம் நின்றால்தான்
என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.
ஆக, அங்கேயும் கத்தியிருக்கும்,
அவள் கன்னத்தில்,
அக்காளை எட்டுவதற்கு.

பூஜ்யம் புள்ளி ஏழு ஒன்று.
வரம்பு இரண்டு.
பத்து கிராம் சதையில் சராசரி,
கிலோவுக்கு இத்தனை வாட் என்று கணக்கு.
திரும்ப அளந்தேன்.
சாய்த்து வைத்தால் இன்னும் குறைவு.

நாங்கள் அளப்பது சூடாக மாறுவதை மட்டும்.
சர்க்கரைத் தண்ணீரில் கட்டி வளராது.
அதற்குள் வருஷங்கள் கழிவதில்லை.
சாயங்காலம் வரைக்கும்கூட வைத்திருக்க முடியாது,
ஆவியாகிப் பதம் கெட்டுவிடும்.

நான்கு தரம் எழுதி நான்கு தரம் கிழித்தேன்.
'இது இல்லை' என்றால்
எனக்குத் தெரிந்ததைவிட ஒரு சொல் கூடுதல்.
'இருக்கலாம்' என்றால்
கிருனாவில் ஒருத்தி
இனிப் போன் அடித்தால் எடுக்கமாட்டாள்.

பெரிய ஆய்வுகளில்
தெளிவான தொடர்பு தென்படவில்லை என்று எழுதினேன்.
'தெளிவான' என்பதை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.
எண்ணை எழுதினேன், வரம்பை எழுதினேன்.
கீழே,
நீங்கள் கேட்டதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

சிம்மைத் திருப்பிச் செருகி
சரிதானா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன்.
இன்னும் மாதாமாதம் பணம் கட்டுகிறார் போல,
ஓவ்லுவின் கோபுரத்தை உடனே பிடித்துக்கொண்டது.
நான்கு கோடும் முழுசாக.
இங்கே கத்தவேண்டியதில்லை.

அணைத்தேன்.
தலையைக் கவிழ்த்துக் கழுவினேன்.
காலுறையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து
முகவரி எழுதினேன்.
பெட்டியின் மேல்
என் விரல் பட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பு.