பகுதி நான்கு

வரலாறு இரண்டாம் ஆண்டுக்கு
வேறு துறையிலிருந்து ஒரு பாடம்.
மூன்று கட்டம். ஐந்து மணிக்குள் ஒரு டிக்.

கணினி அடிப்படை காலையிலேயே நிரம்பிவிட்டது.
கடைசி இடத்தைப் பிடித்த தையல்நாயகி
எனக்கும் சேர்த்துச் சிரித்தாள்.
அன்றாடக் கணிதம் சுலபமாம்;
வட்டிக் கணக்கை எங்கள் வீட்டில்
தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இயற்பியலில் இதுவரை ஒரு பெயரும் இல்லை.

நீடாமங்கலம் கேட்டில் பேருந்து நிற்கிறது.
நெல் மூட்டை ரயில்,
முப்பத்தேழு பெட்டிவரை எண்ணினேன்.
அதற்கப்பால் வெண்ணாற்று மதகு.
சுவரில் எழுதிய அளவுகோலில்
நான்குக்குக் கீழே எண்கள்
தைமாதத் தெளிந்த நீருக்குள்
குட்டையாகிக் கிடக்கும்.
தினமும் பார்க்கிறேன்,
யாரிடமும் கேட்டதில்லை.

தேர்வுக்கான காரணம்?
'மதகு' என்று எழுதினேன்.
பத்துச் சொல்லாவது வேண்டுமென்று
சிவப்பில் வருகிறது.
கேட் இன்னும் திறக்கவில்லை.