மேல்வீட்டுக் கோலிக்குண்டு

ஈசூன், புளோக் முந்நூற்றுப் பதினெட்டு,
ஒன்பதாம் மாடியில் என் வீடு.
எனக்கு நேர்மேலே பத்தாம் மாடி
போன நவம்பரிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.
ஆனாலும் இரவு பதினொன்றரைக்கு
யாரோ அங்கே கோலிக்குண்டைத் தவறவிடுகிறார்கள்.
டக்.
டக் டக்.
டகடகவென்று உருண்டு
என் தலைமாட்டுச் சுவர்வரை வந்து நிற்கும்.

பகலில் நகர மன்றத்தில்
தொலைபேசி எடுப்பது என் வேலை.
நாளொன்றுக்கு அறுபது, எழுபது குரல்.
மேல்வீட்டு ஈரத்துணி என் போர்வையில் சொட்டுகிறது.
லிஃப்டில் யாரோ சிறுநீர் கழித்திருக்கிறார்கள்.
விடியற்காலை நாலரைக்குக் கூவும் குயிலுக்கு
அபராதம் போட முடியாதா?
கோலிக்குண்டுப் புகாரும் வரும்.
அதற்கான பதில் என் திரையோரம் ஒட்டியிருக்கிறது:
'குழாய்க்குள் நீரழுத்தம் மாறுவதால் இருக்கலாம், ஐயா.'
ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.
எனக்கு நானே சொன்னால்தான்
நம்பிக்கை வருவதில்லை.

அமைதியைத் தேடாமல் இல்லை.
கைப்பேசியில் ஒரு செயலி.
கடலலைக்கு மேல் ஒரு பெண்குரல்
தோள்களைத் தளர்த்தச் சொன்னது,
தளர்த்தி முடிப்பதற்குள் காப்புறுதி விளம்பரம்.
சமூக மன்றத்தில் எட்டு வாரத் தியான வகுப்பு;
நான்காம் வாரத்தோடு பாய்
கதவுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது.
வெள்ளிதோறும் கோயில்.
கண்ணை மூடினால்
செருப்பை எங்கே விட்டேன் என்ற கேள்விதான்
மூலவராக நின்றது.

பக்கத்து இருக்கை ரொஹாயா
நண்பகல் தொழுகை முடித்து வருவாள்.
முழங்கை ஈரம் காயுமுன்னே
அடுத்த அழைப்பை எடுப்பாள்.
அந்த ஈரம் அவள் குரலில்
மூன்று மணிவரை இருக்கும்.
நான் எதுவும் கேட்டதில்லை.
ஒருநாள் கோப்பிக் குவளையைக் கழுவும்போது
அவசரப்படாமல் கழுவினேன், அவ்வளவுதான்.
பிடியின் உட்பக்கம் பழுப்பாக ஒரு கறை.
ஐந்து வருடமாக
அதைப் பிடித்துத்தான் குடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் குவளை.
பிறகு, மணி அடித்தால்
முதல் ஒலிக்கு எடுப்பதில்லை.
இரண்டாவதை ஒரு மூச்சுக்கு விட்டுவிட்டு
மூன்றாவதில்,
'வணக்கம், பவளக்கொடி பேசுகிறேன்.'
மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார்,
சராசரியில் நான்கு விநாடித் தாமதம்.
கடிதம் வந்தது.
இரண்டு ஒலியாகக் குறைத்தேன்,
மூச்சையும் பாதியாக.

இதையெல்லாம் சொல்வதால்
தெளிந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம்.
போன செவ்வாய்க்கிழமை திரு ஆங்,
குப்பைத்தொட்டி நாற்றம் பற்றி ஏழாவது அழைப்பு.
அவர்மேல் சுள்ளென்று விழுந்தேன்.
கழிவறைக்குப் போய் அழுதேன்.
முகம் கழுவிக்கொண்டு வந்து
நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.
அவர் நாற்றத்தை விட்டுவிட்டு
மகன் பெர்த்துக்குக் குடிபோனதைச் சொன்னார்.
பதினேழு நிமிடம்.
என் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஏறவே இல்லை.
'புகாரின் வகை' என்ற கட்டத்தில்
எதை நிரப்புவதென்று தெரியாமல்
வெற்றாகவே மூடினேன்.

இரவு.
கீழே கடைசிப் பேருந்து
காற்றைப் புஸ்ஸென்று விட்டு நிற்கிறது.
டக்.
முன்பெல்லாம் துடைப்பக் கட்டையால்
கூரையை இடிப்பேன்,
ஆளில்லாத வீட்டோடு சண்டை.
இப்போது ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில்
எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்க்கிறேன்.
சில இரவில் ஒரு மூச்சளவு.
நேற்று, எதிர்ப் புளோக்கில்
நான்கு சன்னல் இருளுமளவு.
ஒரு குண்டு உருண்டது.
அடுத்தது வரட்டும் என்று
காதைத் திறந்துவைத்துக் கிடந்தேன்.
அது வரவில்லையா,
நான் உறங்கிவிட்டேனா, தெரியாது.

நாலரைக்குக் குயில்.
இந்நேரம் யாரோ கோபத்தோடு
எங்கள் எண்ணை அழுத்திக்கொண்டிருப்பார்.
எட்டரைக்குத்தான் எடுப்பேன்,
இரண்டாவது ஒலியில்.