நாற்பது வோல்ட்

குளிர்விப்பான் மறுபடி மக்கர்.
தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் பாதி பார் ஐஸ்,
சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில்.
காலாப்பட்டு வருவதற்குள்
என் முதுகும் கரைந்திருந்தது.

ஆய்வகம் முழுக்க இப்போது சங்கரா மீன் வாசனை.
நல்லவேளை, ஆக்ஸாலிக் அமிலத்துக்கு மூக்கில்லை.
ஐஸில் புதைந்த குவளைக்குள்
அலுமினியத் தகடு
தன்னைத்தானே துளைத்துக்கொண்டிருக்கிறது,
தேனடை போல.
தேனடை என்பது கட்டுரைக்கு எழுதும் சொல்.
எனக்கு இடியாப்ப அச்சு.
அதன் ஒரு கண்ணுக்குள்
ஆயிரம் கோடி கண்கள்.

தில்ஷாத் ராத்திரி முழுக்கக் காவல்.
கரண்ட் இரண்டு முறை போனது.
நாலு தகடு விரிசல்.
ஐந்தாவதன் அடியைப்
பாஸ்பாரிக் அமிலம்
மெல்லத் திறந்துவிட்டது.

மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினோம்.
பச்சை என்று ஒன்று அதில் இல்லை:
பருத்த நீல மூலக்கூறும்
பொடி மஞ்சளும் கலந்த பொய்.

நாற்பது நிமிடம்
ஒன்றுமில்லை.
தில்ஷாத் நகம் கடிக்கப் போய்
கையுறையைக் கடித்தாள்.

பிறகு, அடியில், ஒரு சொட்டு.
மஞ்சள்.

தடுக்க அங்கே யாருமில்லை.
நீலத்துக்கு வாசல் போதவில்லை,
அவ்வளவுதான்.

"தொடாதே," என்றாள்,
நான் அசையவே இல்லை.
"இன்னொரு சொட்டு வரட்டும்."