எதுவும் விடாத ஸ்லைடு

கீழவாசல் கறிக்கடையில் காலை ஐந்தரைக்கு
ஆட்டு இதயம் மட்டும் கேட்கிறவள் நான் ஒருத்திதான்.
ஈரல் வேண்டாமா, குடல் வேண்டாமா என்று
கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார் மைதீன் பாய்.
இப்போது மேல்பக்கம் கத்தி படாமல்
அவரே பார்த்து அறுத்து
உப்புநீர் டப்பாவில் போட்டு மூடித் தருகிறார்.
வல்லம் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் ஐஸ் பெட்டி.
இரண்டு இதயங்களுக்கும் டிக்கெட் கிடையாது.

ஆடியில் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள்.
இன்னாசிமுத்து முதல் வாரமே
சமன் பார்க்காமல் சென்ட்ரிஃப்யூஜை ஓட்டி
மேஜையை நடக்க வைத்தான்.
தையல்நாயகிக்குத் தையல் வரவில்லை.
பெயரைச் சொல்லி எல்லாரும் சிரித்தோம், அவளும்.
வால்வின் நாணில் ஊசி ஏற்றச் சொன்னால்
கிழித்துவிடுவாள். பிறகு
கிழிந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வால்வு என்றால் மதகு மாதிரி என்றேன்.
வருடா வருடம் சொல்கிற உவமை,
இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.
அவள் அப்பா வெண்ணாற்றில் லஸ்கர்.
"மதகுக்கு எங்கப்பா வேணும்க்கா.
ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோட போயி
ஷட்டர எறக்குவாரு. இதுக்கு யாரு?"
யாரும் இல்லை என்றேன்.
நிமிடத்துக்கு எழுபது தடவை, யாரும் இல்லாமல்.
நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அதற்குப் பிறகு அந்த உவமையை நான் எடுப்பதில்லை.

தொண்டை வலியில்தான் தொடங்கும்.
கிருமியைத் தேடிப் புறப்பட்ட காவல்
கிருமி செத்த பின்னும் வீடு திரும்பாமல்
வால்வின் முகத்தில் அதே ஜாடை கண்டு
கை வைக்கும்.
அந்தக் கையைப் படம் பிடிப்பது என் வேலை.

எண் 41. பையன். ஒன்பது வயது. திருத்துறைப்பூண்டி.
பெயரை எங்களுக்குத் தரமாட்டார்கள்.
அவன் சீரத்தை ஆட்டு வால்வின் மேல் விட்டு
சாயம் ஏற்றினால்
இதழோரமெல்லாம் பச்சையாய் ஒளிர்ந்தது.
41 மட்டுமல்ல, 12, 27, 38,
விட்டதெல்லாம் ஒளிர்ந்தது.
எட்டு மாதம்.
கட்டுரையில் நான்காம் படம் வரை
போட்டு முடித்திருந்தேன்.

ஐப்பசி மழை. கரண்ட் போய்ப் போய் வந்த இரவில்
போன் அடித்தது.
"அக்கா, எதுவுமே விடாத ஸ்லைடும் ஒளிருது."
சரியாகக் கழுவியிருக்க மாட்டாய்.
"மூணு தடவ கழுவிட்டேன்."
பாட்டிலைப் பார்.
"நீங்க வாங்குன பாட்டில்தான்."

செருப்பில் சேறோடு இருட்டறைக்குள் போனேன்.
குழந்தை இல்லை அதில். வெறும் ஆடு.
மனிதனை மட்டும் பிடிக்கும் என்று
நான் நம்பி வாங்கிய சாயம்
ஆட்டையும் பிடித்துக்கொண்டு
அவ்வளவு அழகாகப் பச்சையாய் இருந்தது.

கோபம் வந்தது.
சாயத்தின் மேல் இல்லை, அவள் மேல்.
யார் உன்னைச் செய்யச் சொன்னது
என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
சொன்னது நான்தான். முதல் நாள், போர்டில்,
அடிக்கோடு போட்டு:
எதுவும் விடாத ஸ்லைடு ஒன்று, ஒவ்வொரு முறையும்.
நான் கடைசியாகப் போட்டது
போன வருடம். வேறு பாட்டில்.

"ஸாரிக்கா" என்றாள்.
எதற்கு என்று கேட்டேன்.
"தெரியல."

பதிவேட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது.
எட்டு மாதப் பக்கங்களிலும் குறுக்கே சிவப்புக் கோடு.
அவள் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள், நான் இழுத்தேன்.
இடையில் இன்னாசிமுத்து டீ வாங்கி வந்தான்,
என்ன என்று கேட்காமல் வைத்துவிட்டுப் போனான்.
என் கோடுகளில் சில கோணல்.

மைதீன் பாயிடம் இன்று மூன்று கேட்டேன்.
"வீட்ல விசேஷமாம்மா?"
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

மைனஸ் எண்பதில்
எண் 41 இன்னும் இருக்கிறது.
நான் வீணாக்கியது போக
அரை மில்லி.