வாயில்லாப் பூச்சி

பல் மருத்துவர் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கியது:
"பூச்சி எழுந்துவிட்டது. ஓய்ந்ததும் வருவேன்."
தேதி இல்லை.
வலிக்கிறவனுக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

மே மாதத்து மூன்றாம் வாரம்,
காரிப் ஏரிக்கரையில் இது யாருக்கும் வியப்பில்லை.
ஆணிக்கடையில் ஆள் கிடையாது.
கானலி வீட்டுப் பெரியவரின் அடக்கத்தைக்கூட
முற்பகலுக்கு மாற்றினார்கள்:
பெட்டி தூக்கும் ஆறு பேரில் நான்கு பேர்
மதியம் படகில் இருந்தாக வேண்டும்.

கன்னத்தைப் பிடித்தபடி துறைக்குப் போனேன்.
மாலகியின் ஓட்டைப் படகு சும்மா கிடந்தது.
துடுப்பை நான் ஒருமுறை இழுத்தால்
கடைவாய்ப் பல் என்னை ஒருமுறை இழுத்தது.

நடு ஏரியில்தான் பார்த்தேன்.
நீரின் தோல் அங்கங்கே கிழிந்து
கிழிசலுக்கு ஒரு பூச்சியாய்
தான் கழற்றிய உடம்பின்மேலேயே ஏறி நின்று
புதுச் சிறகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.
இரண்டு வருடம் சேற்றில் தின்று தீர்த்தவை.
வாயைக் கீழேயே விட்டுவிட்டு வந்தவை.
இனி மெல்ல வேண்டியதில்லை, கடிக்க வேண்டியதில்லை,
எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.
ஊரில் என்னையும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள்.
ஆனால் எனக்கு முப்பத்தொரு பல், ஒரு சொத்தை.

டெர்வ்லா நூன் தீவோரம் மிதந்துகொண்டிருந்தாள்.
பதினேழு அடிக் கம்பு, அதன் நுனியில் பட்டு நூல்,
நூலைக் காற்று பிடித்துக்கொள்ள
கொக்கியில் கோத்த இரண்டு உயிர்ப்பூச்சிகள்
அலைகளைத் தொட்டும் தொடாமலும் போயின.

"வாயைத் திற" என்றாள்,
எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல்.
படகுகள் உரசின. அண்ணாந்தேன்.
வானத்துக்கும் எனக்கும் நடுவே
மீன் வாசனையோடு ஒரு கட்டைவிரல்.
அந்த நேரம் பார்த்து
என் நாக்கில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது.
முதலில் அதைத்தான் எடுத்தாள்,
சிறகு மடங்காமல்,
தன் இரைப்பெட்டியில் போட்டு மூடினாள்.

"எத்தனை நாளாக?"
"பிப்ரவரியிலிருந்து."
"சொல்லியிருக்கலாமே, கோல்மன்."

ஊனாவும் அதையேதான் சொன்னாள்,
பிப்ரவரியில்,
கார் டிக்கியை ஓங்கிச் சாத்திக்கொண்டே.

விரல் இன்னும் பல்லின்மேல் இருக்கும்போதே
நூலின் கடைசியில் நீர் புடைத்தது.
ஒரு வாய் வந்தது. வெள்ளையாக, உள்பக்கம்வரை தெரிய.
"கம்பைப் பிடி!" என்று கத்தினாள்.
"இப்போது இழுக்காதே. வாயை மூடட்டும்.
மூன்று எண்ணு."

காத்திருப்பதுதானே, அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
மூன்றுக்குப் பிறகும் எண்ணினேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.
ஏழில் நூல் தொய்ந்தது.

"துப்பிவிட்டது" என்றாள்.
கோபப்பட்டிருந்தால் தேவலை.
தக்கை போட்ட சிறு குப்பியில் கிராம்பு எண்ணெய் கொடுத்து
திங்கட்கிழமை வா,
ஒருவேளை செவ்வாய்,
காற்றைப் பொறுத்தது என்று தள்ளிப் போனாள்.

நான் கரைக்குத் திரும்பவில்லை.
பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது.
கரைமரங்களில் கூடி முடித்த பூச்சிகள்
நீருக்கு மேலே வந்து முட்டையிட்டு
சிறகை இரண்டு பக்கமும் விரித்தபடி விழுந்தன.
துடுப்பில், என் மடியில், எண்ணெய்க் குப்பியின்மேல்.
கீழிருந்து மீன்கள் அவற்றை
அவசரமே இல்லாமல்
ஒவ்வொன்றாக உறிஞ்சின.
முத்தச் சத்தம் மாதிரி இருந்தது,
கேட்கப் பிடிக்கவில்லை.

வாயைத் திறந்தேன்.
குளிர்காற்று பல்லில் பட்டது.
"வலிக்கிறது" என்றேன்.
பிறகு எழுந்து நின்று, படகு ஆட,
ஏரி முழுக்கக் கேட்கும்படி:
"வலிக்கிறது!"

இருட்டில், தீவுக்கு அந்தப் பக்கமிருந்து,
மாலகியின் குரலாக இருக்கலாம்,
பதில் வந்தது:
"எத்தனை ராத்தல் தேறும்?"